பூட்டுக்குள் போன வலி மாத்திரை

துப்பறிவாளரின் அறைக்குள் வந்த மருந்துக்கடைக்காரி உட்காரக்கூட இல்லை. "கூடவே இருந்து கழுத்தை அறுத்துட்டார்" என்று, உடன் வந்திருந்த தன் கடை மருந்தாளுநரைக் காட்டினாள்.

"சாவி உங்ககிட்டயும்தான் இருக்கு" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

துப்பறிவாளர் இருவரையும் கொட்டித் தீர்க்க விட்டார். விஷயம் ஒரு நரம்புவலி மாத்திரை. டாக்டர் சீட்டைக் காட்டினால் திறந்த அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். போதைக்காக அதை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டதால் அரசாங்கம் அதைக் கட்டுப்பாட்டு மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அடுத்த மாதம் முதல் பூட்டித்தான் வைக்க வேண்டும். காணாமல் போனால் உரிமம் போகும், ஜெயிலும் உண்டு. முன்ஜாக்கிரதையாக அவள் நேற்றுக் காலையே எல்லாவற்றையும் கடையிலிருந்த பழைய பீரோவுக்கு மாற்றிப் பூட்டினாள். அது மருந்தாளுநருக்கு மட்டும் தெரியும். மதியம் கடையை அடைத்து, சாப்பிட்டுத் திரும்பினால் பீரோ காலி. பூட்டில் கீறல்கூட இல்லை. அவள் மாத்திரைகளைக் கள்ளத்தனமாக விற்றுவிட்டதாக இன்று யாரோ அதிகாரிகளுக்குப் புகாரும் அனுப்பியிருந்தார்கள்.

"மருந்தாளுநர்தான் சார், சந்தேகமே இல்லை" என்று கிசுகிசுத்தார் உதவியாளர். அவரை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடையும் அந்தப் பீரோவும் முன்பு அவள் மாமனாருடையவை. கடையில் பங்கு கேட்டு அவளுடைய கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தான். துப்பறிவாளர் நேரே அவன் வீட்டுக்குப் போனார். அவன் வாசலிலேயே நிறுத்திப் பேசினான். அண்ணி கடையில் நரம்புவலி மாத்திரைகள் திருட்டுப் போனதாக மட்டும் அவர் சொன்னார்.

"அந்தக் கடைப் படி மிதிச்சு ஒரு வருஷமாச்சு. பீரோ சாவி வெச்சிருக்கறவங்களைப் போய்க் கேளுங்க."

"பீரோன்னு நான் சொல்லலையே."

"பட்டியல்ல சேர்த்தது பேப்பர்ல வந்துச்சே. பூட்டித்தானே வெப்பாங்க?"

"பேப்பர்ல அடுத்த மாசம்னு இருந்தது. மத்த கடைகள்ல இன்னும் அலமாரியிலதான் இருக்கு. உங்க அண்ணி பூட்டினது நேத்துக் காலைல. அதுக்கப்புறம் உங்க அப்பா காலத்துச் சாவியோட உள்ளே போனவருக்குத்தான் பீரோ தெரியும்."

போலீஸ் வந்து தேடியபோது மாத்திரைகளும் பழைய சாவிகளும் அவன் கார் டிக்கியில் கிடைத்தன.

"எப்படியும் அவ உரிமம் போயிடும்" என்றான் அவன், பல்லைக் கடித்தபடி.

"பட்டியல் இன்னும் அமலுக்கு வரலை. அவங்க மேல கேஸ் நிக்காது. திருட்டுக்கு மட்டும் சட்டம் எப்பவோ வந்தாச்சு."

தகவல் தெரிந்ததும் மருந்துக்கடைக்காரி, தெருவில் நின்றிருந்த மருந்தாளுநரைப் பார்த்து, "சரி, வாங்க. கடையைத் திறக்கணும்" என்றாள்.

"வேற ஆள் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் தெருவைக் கடந்து போனார்.