பாறைக்குக் கீழே விட்டுவந்தவன்

இளைப்புச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பாறை மறைவில் மைத்துனனை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஏறியாகிவிட்டது. ஆனாலும் அந்த ஈரமான, விசில் கலந்த மூச்சு பத்தடி பின்னால் விடாமல் வந்துகொண்டிருப்பதாகப் பல் டாக்டருக்குத் தோன்றியது. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் மண்டைக்குள் குடியேறிவிட்டது, அவ்வளவுதான்.

அவனைக் கூட்டிவந்ததே தப்பு. மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மாடிப்படி ஏறினாலே கைப்பிடியைத் தேடுகிற உடம்பு. நீங்கள் கூட இருக்கும்போது என்ன பயம் என்று மனைவி நச்சரித்ததில் தலையில் வந்து விழுந்த சுமை. கடையில் இருந்ததையெல்லாம் வாங்கி மாட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றான். முகாமில் சாப்பிடும்போதும் இளைத்தான், பூட்ஸ் நாடாவைக் கட்டும்போதும் இளைத்தான். இப்படிப்பட்டவர்களை மலை அடிவாரத்திலேயே தடுத்து வீட்டுக்கு அனுப்ப ஓர் ஆள் போடவேண்டும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அன்று காலை, உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஒரு பாறை ஓரமாக அவன் தொப்பென்று பனியில் உட்கார்ந்துவிட்டான். ரெண்டே நிமிஷம் மாமா என்றான். அன்றைக்கு அது ஒன்பதாவது இரண்டு நிமிஷம். டாக்டர் குனிந்து, மூவரையும் இணைத்திருந்த கயிற்றை அவன் இடுப்புக் கொக்கியிலிருந்து கழற்றினார். கல்லூரி நாளிலிருந்து அவரோடு மலையேறும் நெட்டையன், யாராவது ஒருத்தர் இவனோடு இருக்கலாமே என்று முனகினான்.

"அப்ப நீ இரு. நான் மேல போறேன்" என்றார் டாக்டர்.

நெட்டையனுக்கு என்றைக்குமே முதுகெலும்பு கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு அவனும் கிளம்பினான்.

மைத்துனன் கெஞ்சவில்லை. அதுதான் டாக்டருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வந்துருவீங்கல்ல, மாமா?" என்று மட்டும் கேட்டான்.

அவர் கயிற்றை இழுத்துச் சரிபார்த்துவிட்டு ஏறத் தொடங்கினார்.

உச்சியில் வெயிலில் கண் கூசியது. கட்டிப்பிடிக்க வந்த நெட்டையன் பாதியில் நின்றான்.

"உனக்கு ஏண்டா இப்படி இளைக்குது?"

டாக்டருக்கு இளைக்கவே இல்லை. வாயை இறுக மூடினார். மூச்சைப் பிடித்தார். சத்தம் நிற்கவில்லை. நெட்டையனின் உதடு வெளுப்பதை அவர் பார்த்தார். அதன்பின் இருவரும் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இறங்கும்போது மூடுபனி ஏறி வந்தது. முன்னால் போகும் நெட்டையன் வெறும் கறையாகிப் போனான். கயிறு மட்டும் வெள்ளைக்குள் நீண்டு மறைந்தது. ஈரக் கம்பளி வாசனை அடித்தது. கூடவே மைத்துனன் ஓயாமல் சப்பும் இருமல் மிட்டாயின் வாசனை. கணக்கு வாத்தியாருக்கெல்லாம் பயப்படுகிற ஆளா நான் என்று டாக்டர் தனக்குள் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இந்தத் தடியனால் ஒழுங்காக ஓரிடத்தில் உட்காரக்கூட முடியாதா என்று நினைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக இறங்கினார். சத்தமும் வேகமானது.

பாறை வந்தது.

மைத்துனன் விட்ட இடத்திலேயே இருந்தான். கைகள் மடியில். முகம் உச்சியை நோக்கி. இமையில் பனி. வாய் திறந்திருந்தது.

இருபது வருஷமாக வாய்களைப் பார்த்த கை. கையுறையைக் கழற்றிக்கொண்டு தானாகவே உள்ளே போனது. நாக்கின் மேலிருந்து தொண்டை வரைக்கும் பனி. கல்லாக இறுகியிருந்தது. இந்த வாயிலிருந்து மணிக்கணக்காக எந்தச் சத்தமும் வந்திருக்க முடியாது.

இவன் அக்காவுக்கு என்ன சொல்வது என்று நெட்டையன் அழ ஆரம்பித்தான். சட்டென்று நிறுத்தினான். அவன் கண் டாக்டரின் தோளுக்குப் பின்னால் போனது. தன் கொக்கியைக் கழற்றினான். கயிறு தரையில் விழுந்தது. பின்பக்கமாகவே நடந்து மூடுபனிக்குள் போய்விட்டான்.

டாக்டர் இன்னும் மைத்துனன் முன்னால் மண்டியிட்டிருந்தார். அப்படியே திரும்பினார்.

மூடுபனி கொஞ்சம் விலகியிருந்தது. அவர்கள் இறங்கிவந்த சரிவு. இரண்டு பேரின் காலடி. அவற்றுக்குப் பக்கத்தில், இருபதடிக்கு ஒன்றாக, பனி அகலமாக அமுங்கியிருந்தது. பெரிய உடம்பு ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பள்ளங்கள். இடையில் காலடியே இல்லை.

கடைசிப் பள்ளம் நாலடி தூரத்தில்.

சத்தம் நின்றது.

அவர் முழங்காலுக்கு அருகே, யாரும் மிதிக்காத பனி, மெல்ல, நொறுங்கும் ஒலியோடு, அமுங்கத் தொடங்கியது. பிறகு அதன் ஓரத்தில், அவர் பக்கமாக, ஐந்து விரல்கள் ஊன்றின.