சொல்லிவிட்டுக் குத்துகிறவர்கள்

"ஏனுங்க்கா, இடது பக்கம் குத்தறேனுங். கையத் தூக்கிக்குங்க."

"தூக்கீட்டேன் அம்மிணி. நீ குத்து."

சஷ்மிதா குத்தினாள். யாழிசை தடுத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பெயரைக் கேட்டதுமே வயதைக் கணித்திருப்பீர்கள். சஷ்மிதா, யாழிசை, ஹன்சிகா என்றெல்லாம் குழந்தைகளுக்குப் பெயர் வைத்த காலம் மலையேறி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சஷ்மிதாவுக்கு ஐம்பத்திரண்டு. யாழிசைக்கு அதைவிட ஐந்து கூடுதல்.

"எதிரி சொல்லிட்டா வருவான்?" என்று மேடையிலிருந்து கர்ஜித்தார் மகாபேராசான் விக்கிரமபூபதி. ஆறு வருடமாக வாரம் இருமுறை இதே கர்ஜனை. கோயம்புத்தூரில் பிறந்த இரண்டு பெண்களை, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மனுஷியின் முகத்தில் குத்த வைப்பது அவருடைய ஒன்பது கறுப்புப் பட்டைகளாலும் ஆகாத காரியம்.

அவருடைய தற்காப்புக் கலைக் கழகத்தில் பட்டைகள் மொத்தம் இருபத்துமூன்று. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் மட்டும் எலுமிச்சை மஞ்சள், மாம்பழ மஞ்சள், மங்கல மஞ்சள் என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் தேர்வு, தேர்வுக்குக் கட்டணம், தேர்வுக்குத் தகுதி பெற ஒரு முன்தேர்வு. சஷ்மிதா இப்போது இளம்பாக்கு நிறத்தில் இருந்தாள்.

பட்டையைத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது, எதிராளிதான் கட்டிவிட வேண்டும் என்பது கழகத்தின் விதி. 'பகைவனின் கையை நம்புகிறவனே பகையை வெல்வான்' என்று அதற்குச் சுவரில் பொன்னெழுத்து விளக்கம் வேறு. கழகம் தொடங்கிய வருடம் பேராசான் குளியலறையில் வழுக்கி விழுந்து, தோள் நழுவி, மூன்று மாதம் தன் பட்டையைக் கட்டிக்கொள்ள முடியாமல் இருந்தார். விதி பிறந்தது அந்த மூன்று மாதத்தில்.

செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு சஷ்மிதா இரண்டு கையையும் விரித்து நிற்பாள். யாழிசை குனிந்து, பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை இழுத்து, "இறுக்கமா இருக்குதா அம்மிணி?" என்று கேட்பாள். சஷ்மிதாவை வாரத்தில் வேறு யாரும் தொடுவதில்லை.

அதற்குக் காரணம் அவள் காதிலேயே இருந்தது. பெண்களுக்குக் கம்மலாகவும் ஆண்களுக்குச் சட்டைப் பொத்தானாகவும் வந்த கட்டுப்படிமானி. எந்தச் செயலானாலும் அதன் நோக்கத்தைச் சொன்னால் போதும். செலவு, நேரம், கிடைக்கும் பலன் மூன்றையும் உங்கள் மீதி ஆயுளோடு வைத்துப் பார்த்து, காதுக்குள் ஒரு சொல் சொல்லும்: கட்டுப்படியாகும், அல்லது கட்டுப்படியாகாது. விற்பனைக்கு வந்த முதல் மாதமே அதை வாங்கியவர்களில் சஷ்மிதாவின் கணவரும் ஒருவர். இரண்டாவது மாதம் அவர் கிளம்பிப் போய்விட்டார். பிறகு அவளும் ஒன்று வாங்கினாள். உறவுக்காரர் கல்யாணங்கள் கட்டுப்படியாகவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவது கட்டுப்படியாகவில்லை. எதிர்வீட்டோடு பேசுவது ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் வரை கட்டுப்படியானது. எதிர்வீட்டுக்காரியின் கம்மல் மூன்று நிமிடம் என்றது.

கழகம் மட்டும் தப்பித்திருந்தது, அது கம்மலுக்கு முந்தைய ஒப்பந்தம் என்பதால். அந்த ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது.

"அறுபத்தோரு ஷரத்து" என்று புதிய ஒப்பந்தத் தாள்களை மேசையில் பரப்பினார் பேராசான். "மூணு வருஷம். நடுவுல விலக முடியாது. மரணம் நேர்ந்தா வாரிசு வந்து மீதிப் பயிற்சியை முடிக்கலாம்."

"எனக்கு வாரிசு இல்லீங்களே."

"அப்ப நீங்கதான் உயிரோட இருந்தாகணும்."

முதல் பக்கத்தில் நோக்கம் என்ற இடத்தில் 'உயிர்த் தற்காப்பு' என்று அச்சிட்டிருந்தது. சஷ்மிதா கம்மலைத் தொட்டாள். அதற்கு யோசிக்கவே வேலை இருக்கவில்லை. கோவைத் தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் காவற்கண் இருந்தது. எவனாவது கையை ஓங்கினால் நான்கு நொடியில் பசைநுரையைப் பீய்ச்சி அப்படியே சிலையாக்கிவிடும். ஊரில் பதினோரு வருடமாக ஓர் அடிதடி இல்லை.

'கட்டுப்படியாகாது.'

அப்படி வந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் சிறைக்கெல்லாம் போக வேண்டியதில்லை. வங்கியில் கடன் கிடைக்காது, காப்பீடு கிடைக்காது, குடியிருப்பு வாசலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று எரியும். அவ்வளவுதான். சஷ்மிதா நோக்கத்தை மாற்றிப் பார்த்தாள். உடற்பயிற்சி என்று முணுமுணுத்தாள். இயந்திரம் இதைவிட மலிவு என்றது கம்மல். உண்மையான நோக்கம் நாக்கு நுனியில் இருந்தது. பேராசான் எதிரில் நிற்க, யாழிசை துண்டால் கழுத்தைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருக்க, 'பட்டை கட்டிவிட ஓர் ஆள்' என்று எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"வேண்டாமுங்க" என்றாள்.

பேராசான் வீரம், மரபு, அண்டசராசரம் ஆகியவை பற்றி ஆறு நிமிடம் பேசினார். ஏழாவது நிமிடம் அவருடைய சட்டைப் பொத்தான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பேச்சைப் பாதியில் நிறுத்தி விளக்கை அணைத்தார். மிச்சமிருந்த மாணவர்களே இவர்கள் இருவர்தான். ஒரு மாணவிக்காகக் கூடத்துக்கு வாடகை கொடுப்பது எந்த மகாபேராசானுக்கும் கட்டுப்படியாகாது.

வாசலில் இருவரும் செருப்பைத் தேடினார்கள். இருந்ததே இரண்டு ஜோடி. தேட வெகுநேரம் ஆயிற்று.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? நம்ம வீட்டுக்கே வந்துருங்க, செவ்வாய்க்கிழமை. கட்டணமில்ல, ஒப்பந்தமில்ல. அவரோட கத்தலும் இல்ல. நம்மளே குத்திக்கலாம். காபி போடறேன்."

யாழிசையின் முகம் மலர்ந்தது. அவள் கை தானாக எழுந்து காதுக்குப் போனது.

அந்தக் கை சஷ்மிதாவுக்குப் பழக்கமானது. எத்தனையோ வாசல்களில், எத்தனையோ பேருக்கு முன்னால், அவளுடைய கை போன அதே இடம். அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும்.

"அடுத்த வாரம் பார்க்கலாம் அம்மிணி. பஸ்ஸே நாப்பது நிமிசமாகுதல்ல..." யாழிசை தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமாங்க்கா. தூரந்தான்."

இலவசத்தில் இதுதான் சிக்கல். நோக்கம் என்ற இடத்தில் எழுத எதுவும் இருப்பதில்லை.

மறுவாரம் சஷ்மிதா கம்மல் பரிந்துரைத்த எதிராளிப்பொறியை வாங்கினாள். ஆள் உயரம், ரப்பர் உடம்பு, இரண்டு கை, இருநூறு வகை அடி. உடற்பயிற்சி என்ற நோக்கத்தில் அது அமோகமாகக் கட்டுப்படியானது. செவ்வாய் மாலை ஐந்து மணிக்குச் சீருடை அணிந்து, பொறியை இயக்கி, அதன் எதிரே நின்றாள். பட்டை தோளில் கிடந்தது. ஆறு வருடப் பழக்கம். இரண்டு கையையும் விரித்து, கண்ணை லேசாக மூடி நின்றாள்.

பொறி மூக்கில் ஒரு குத்து விட்டது.

உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைச் சீருடையில் சொட்டியது. இருபத்துமூன்று பட்டையிலும் இல்லாத நிறம். வலியைக் காட்டிலும் அதிர்ச்சிதான் அதிகம். ஆறு வருடம் கட்டணம் கட்டிக் கற்றிருக்கிறாள். சொல்லிவிட்டு வரும் எந்தக் குத்தையும் அவளால் தடுக்க முடியும்.

"சொல்லீட்டு அடிக்கோணுமல்ல?" என்று பொறியைக் கேட்டாள். பேசிய பிறகுதான், அன்றைக்குத் தன் குரலைத் தானே முதல்முறையாகக் கேட்கிறோம் என்று உறைத்தது. கண்ணில் நீர் வந்ததற்கு மூக்கு மட்டும் காரணமில்லை.

கம்மல் விழித்துக்கொண்டது.

'தாக்குதல் பதிவாகியுள்ளது. தாக்கப்படும் வாய்ப்பு திருத்தப்பட்டது. தற்காப்புப் பயிற்சி: கட்டுப்படியாகும். தேவை: ஓர் எதிராளி.'

துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டே யாழிசையை அழைத்தாள்.

"அக்கா, எனக்குக் கட்டுப்படியாகுதுங்! இப்பத்தான் சொல்லுச்சு. ஒரு குத்து வாங்கினதும் கணக்கே மாறிப்போச்சு. செவ்வாயும் வெள்ளியும் வரலாமுங்க."

மறுமுனையில் ஒரு கை காதுக்குப் போய்த் திரும்பும் நேரம்.

"உனக்குச் சரி அம்மிணி" என்றாள் யாழிசை. "என்னைய யாரு அடிச்சாங்க? இந்த வீட்டுக்கு வந்து ஒரு ஆளு கதவைத் தட்டியே நாலு மாசமாச்சு."

சஷ்மிதா பொறியைப் பார்த்தாள். அது அடுத்த சுற்றுக்குக் கையைத் தூக்கியபடி காத்திருந்தது. அதன் அடியில் நான்கு சக்கரங்கள் இருந்தன. எடை எண்பது கிலோ. லிஃப்டில் ஏறும்.

"அக்கா, ஒரு சாமான் அனுப்பி வெக்கறேனுங். கதவைத் திறந்து அது முன்னால நின்னாப் போதும்."

"அடிக்குமா?"

"மூக்குலயேங்."

யாழிசை தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட வெட்கப்படுவதைப் போலச் சொன்னாள்:

"எப்ப வருதுன்னு மட்டும் சொல்லீராத அம்மிணி. சொன்னீன்னா கையத் தூக்கித் தடுத்துப்போடுவேன்."