பத்து நாள் சிரிப்பு

நிலவின் வெண்குன்றம் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வயது ஆனவர்களுக்குப் பத்து நாள் முகவிடுப்பு உண்டு. வரவேற்பு மேசை, பள்ளிக்கூடம், கடை என்று மக்கள் கண்ணில் படுகிற வேலையில் இருப்பவர்கள் அந்த விடுப்பில் சுருக்கம் போக முகத்தை இழுத்துத் தைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. தைக்காமல் வந்தால் பின்கட்டு வேலைக்கு மாற்றிவிடுவார்கள், அவ்வளவுதான்.

விண்கலத் துறையில் வரவேற்பாளரான மங்களேஸ்வரியும் தைத்துக்கொண்டாள்.

தையல் பிரியாமலிருக்க முகத்தில் அசையாப்படலம் பூசுவார்கள். கண்ணுக்கே தெரியாத பூச்சு. காய்ந்தால் பேசுகிற அளவுக்கு உதடு மட்டும் அசையும்; வீக்கமும் கன்றலும் அதற்கடியில் மறைந்துவிடும். காயுமுன் மருத்துவர் உதட்டோரங்களைச் சற்றே தூக்கிவிடுவார். நோயாளி பத்து நாளும் உம்மென்று இருந்தால் வீட்டிலுள்ளவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம்.

மற்றதெல்லாம் 'பேணி'யின் பொறுப்பு. மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும் பணிவிடை இயந்திரம் அது. தலையணையை உயர்த்தி வைக்கும், குனியவிடாது, கஞ்சியை ஆற்றிக் கொடுக்கும், வேளை தவறாமல் குளிர் ஒத்தடம் வைக்கும்.

இரண்டாம் நாள் காலை இடது காதுக்குப் பின்னால் வலி எடுத்தது. தையல் வலி அல்ல. உள்ளேயிருந்து யாரோ முட்டுவது போன்ற அழுத்தம். பேணியிடம் சொன்னால் தையலைப் பிரித்துவிடுவார்கள், விடுப்புக்குள் முகம் ஆறாது, மேசை போய்விடும் என்று பயந்தாள். பனிச்சுரங்கத்தில் வேலையிலிருந்த கணவன் தணிகைவேலைத் திரையில் அழைத்தாள்.

"என்னங்க, காதுக்குப் பின்னாடி தாங்க முடியல."

"அடடே, பத்து வயசு கொறஞ்சு போச்சு. சிரிச்சிக்கிட்டே வலிக்குதுங்குற."

"நான் சிரிக்கலங்க. பூசி வச்சிருக்காங்க."

"தெரியும்மா. இருந்தாலும் உன்னப் பாத்தா ஒண்ணும் தெரியலயே. கொஞ்சம் தூங்கி எந்திரி, சரியாயிடும்."

அடுத்து அக்கா புனிதவதியை அழைத்தாள். அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "உனக்கு என்னடி கொறச்சல், மூஞ்சி தெளிவாத்தான இருக்கு. சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காத."

மங்களேஸ்வரிக்கு ஆத்திரம் வந்தது. பிறகு பயம் வந்தது. செத்துப்போனாலும் இந்த முகம் சிரித்துக்கொண்டுதானே கிடக்கும் என்று நினைத்தபோது மேசையாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது.

"பேணி, உயிர் போற மாதிரி வலிக்குது. என் மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணாத."

"எனக்கு முகம் பாத்துச் சொல்லத் தெரியாதும்மா. எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க."

உண்மைதான். படலம் பூசிய முகங்களைப் பார்த்துத் தப்புத் தப்பாகக் கணித்ததால், முகக்குறி படிக்கும் திறனையே பேணிகளிடமிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். சொன்னதைக் கேட்கும், தொட்டுப் பார்க்கும். அது தொட்டுப் பார்த்தது. காதுக்குப் பின்னால் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது.

ஆறு நிமிடத்தில் மருத்துவமனை. படலத்தை உரித்து, ரத்தத்தை வெளியேற்றி, கசிந்த நாளத்தைக் கட்டினார்கள். இன்னும் அரைமணி போயிருந்தால் மூச்சுக்குழாயை நெரித்திருக்கும் என்றார் மருத்துவர். மதியத்துக்குள் வலி அறவே நின்றுவிட்டது.

சாயங்காலம் தணிகைவேல் ஓடி வந்தான். படலமில்லாத முகத்தை அப்போதுதான் பார்த்தான். பாதி முகம் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, ஒரு கண் மூடியே போயிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதான்.

"இவ்வளவு வலிய வச்சிக்கிட்டா இருந்த? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"