முனையறைக்கு இருவர்

சந்தனமேரி காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை வாந்தியெடுப்பது. வராத வாந்திதான். கழிவறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, வாளிக்குள் தலையை விட்டு, பக்கத்து அறைக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரி நாலைந்து தரம் ஓங்கரிப்பாள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு கஞ்சியை அடுப்பில் ஏற்றுவாள். பதினொரு வருஷமாக நடக்கிற நாடகம் இது. ‘நீலாம்பல்’ பெருங்கலத்தின் நடுவயிற்றில் குடியிருக்க வேண்டுமென்றால் இந்தக் கூத்தையெல்லாம் ஆடித்தான் ஆகவேண்டும்.

இன்று அவள் வாளியைத் தொடவில்லை. அது மூலையில் கவிழ்ந்து கிடந்தது. கட்டிலில் படுத்திருந்த கஸ்பார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தத்தையே காணோம். பக்கத்து அறைக்காரன் கதவத் தட்டப்போறான், ஒனக்கு என்னமோ ஆயிட்டுன்னு.”

“தட்டட்டும்” என்றாள் மேரி. “இன்னைக்கு ஒரு நாள் உண்மையா இருந்து பாப்போம்.”

கடல் தூத்துக்குடியை விழுங்கிய பிறகு பிழைத்தவர்கள் இப்படித்தான் கப்பல்களில் குடியேறினார்கள். ஊரை விழுங்கியதோடு கடல் அடங்கியதா என்றால் இல்லை. முன்பெல்லாம் புயல் என்றால் பெயர் வைத்துக் கொண்டாடுவார்களாம். இப்போது புயல் ஓய்ந்த நாளுக்குத்தான் பெயர் வைக்கவேண்டும். சீசாப் பலகையில் ஆடியவர்களுக்குச் சொன்னால் விளங்கும். நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டமே தெரியாது, நுனியில் இருப்பவர் பாடு திண்டாட்டம். கப்பலும் அப்படித்தான். கீழ்த்தளத்து நடுவறையில் தம்ளர் தண்ணீர் தளும்பாது. மேல்தளத்து முகப்பறையில் மனுஷனே தளும்புவான்.

அதனால் கப்பலில் பணத்துக்கும் பதவிக்கும் அறை கிடையாது. காதுக்குத்தான் அறை. தலைசுற்றலும் வாந்தியும் கிளம்புவது உட்காதிலிருந்துதானே. வருஷத்துக்கு ஒருமுறை அறைமாற்று நாள் வரும். எல்லோரும் ஆட்டநாற்காலியில் உட்கார வேண்டும். அது முன்னும் பின்னும் ஆட்டி, சுழற்றி, கண்மணித் துடிப்பையும் வேர்வையையும் நாடியையும் சென்சாரால் அளந்து ஒரு மயக்கெண் சொல்லும். எண் கூடினால் நடுவறை, குறைந்தால் முகப்பறை. கணவன் மனைவி என்றால் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாதியாக்குவார்கள். நோயாளிக்கு நல்ல இடம், திடகாத்திரனுக்கு ஆடுகிற இடம். இதைவிட நியாயமான சட்டம் நிலத்தில்கூட இருந்ததில்லை என்று கப்பல்காரர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள்.

கஸ்பாரின் மயக்கம் பொய்யில்லை. முதல் வருஷம் முகப்பில் அறை விழுந்தது. ஒரு வாரத்தில் குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்து, சிறுநீரகம் நின்று, ஆளே பிணம்போல் ஆகிவிட்டார். மருந்து மாத்திரை எதுவும் கேட்கவில்லை. மேரிக்கோ தலைசுற்றல் என்றால் என்னவென்றே தெரியாது. அவள் எண் சேர்ந்தால் சராசரி இறங்கி, மறுபடி முகப்புதான் கிடைக்கும். அப்போதுதான் அவள் தன் பழைய வித்தையைத் தூசு தட்டினாள். பள்ளிக்கூடத்தில் தோழிகளைச் சிரிக்க வைக்க, கண்மணியைத் தானாகத் துடிக்க வைப்பாள். சிலருக்குக் காது அசையும், அவளுக்கு இது. நாக்கடியில் ஒரு வரமிளகாயை ஒதுக்கிக்கொண்டால் வேர்வைக்கு வேர்வை, நாடிக்கு நாடி. நாற்காலி நம்பிவிட்டது.

அந்தப் பொய்தான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள். போன மாதம் ரெஜினாவின் குரல் வந்து அந்த நம்பிக்கையைக் குலைத்தது.

ரெஜினா அவர்களுடைய ஒரே மகள். அப்பாவைப் போலவே மயக்கக்காரி. கல்யாணமாகாத இளவட்டங்களை மட்டும் எண் பார்க்காமல் முகப்புக்கு அனுப்பும் அப்போதைய வழக்கப்படி பதினெட்டு வயதில் போனவள், மூன்று வாரம் செத்துப் பிழைத்தாள். அதன்பிறகு அவளுக்கு ஒன்றுமே செய்யவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் பொதிகைக் கரையில் இறங்கிய முதல் படகில் போய்விட்டாள். மலைச்சரிவுதான் இப்போது கடற்கரை. அங்கே மண் இருக்கிறது, மரம் இருக்கிறது, அவளுக்கு ஒரு வீடும் இருக்கிறது.

“அம்மா, இந்தத் தடவை கப்பல் வாரதுதான் கடைசியாம். இனிமே காத்து வேற பக்கம். ரெண்டு பேரும் எறங்கிருங்க” என்று வானொலியில் கரகரத்தாள். “அப்பா, நடுவறையிலயே கெடந்தா காது எப்பப் பழகும்? ஆடுத எடத்துல ஒரு மாசம் தாங்கிட்டீகன்னா சரியாயிரும். எனக்கு ஆகலியா?”

இறங்குவதற்குச் சின்னப் படகுகள்தான். இரண்டு நாள் கொந்தளிப்பில் போகவேண்டும். மயக்கெண் முப்பதைத் தாண்டியவர்களை ஏற்றமாட்டார்கள், ஏற்றி ஒரு தரம் பிணமாக இறக்கியிருக்கிறார்கள். கஸ்பாரின் எண் எழுபத்தைந்தைச் சுற்றியே இருக்கும். படகு இறங்க இன்னும் ஒன்றரை மாதம். அதற்குள் அவர் முகப்பில் பழகவேண்டும். பழகாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதல் வருஷமே காட்டிவிட்டது.

“நீ மட்டும் போ மேரி. எம் பங்குக்கும் அவளப் பாத்துட்டு இரு” என்று சொல்லிப் பார்த்தார். மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் கஸ்பாரே, “செரி, முகப்புக்குப் போவோம்” என்றார்.

அறைப் பொறுப்பாளர் மரைக்காயர் காயல்பட்டினத்துக்காரர். முதல் வருஷம் கஸ்பாரைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவத் தளத்துக்கு ஓடியவர் அவர்தான். அதனாலேயே மேரி அவர் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

இன்றுதான் அறைமாற்று நாள். இரண்டு ஆட்டநாற்காலிகளும் அருகருகே ஆடத் தொடங்கின. மேரி கண்ணைத் துடிக்க வைக்கவில்லை, நாக்கடியில் மிளகாயும் இல்லை. ஊஞ்சலில் இருப்பதைப்போல் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் ஒரு புள்ளியையே முறைத்தார். நெற்றியில் வேர்வை ஊற்றெடுத்தது. கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மேரி மனசுக்குள் கெஞ்சினாள்.

நாற்காலிகள் நின்றன. மரைக்காயர் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுளித்தார்.

“மேரியக்கா, ஒங்களுக்கு நாலு காட்டுது. போன வருஷம் அறுபத்தஞ்சு.”

“பழகிருச்சு பாய்.”

“நடுவறையில இருந்துக்கிட்டு எப்படிக்கா பழகும்?” அவர் சந்தேகமாகப் பார்த்தார். “அண்ணாச்சிக்கு எம்பத்திரண்டு. சேத்துப் பாதி போட்டா நாப்பத்திமூணு. நடுவுக்கும் முகப்புக்கும் எடைப்பட்ட தளத்துல அறை கெடைக்கும். நல்ல எடந்தான், பெரிசா ஆடாது.”

நாற்பதைத் தாண்டாமல் இருந்தால்தான் முகப்பு. மூன்று எண்ணில் தவறிவிட்டது. ஆடாத அறை அவர்களுக்கு எதற்கு?

“பாய், எங்களுக்கு முகப்பே குடுத்துருங்களேன்.”

மரைக்காயர் கையை விரித்தார். “கேட்டு வாங்குத எடமாக்கா அது? எண்ணு கூடுன ஆளை முகப்புல போட்டா கொலைக் கேசு எம்மேல விழும்.”

மேரி கஸ்பாரைப் பார்த்தாள். அவர் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இனி அடுத்த வருஷம்தான் அறைமாற்று நாள். அடுத்த வருஷம் இந்தக் கப்பல் எந்தக் கடலில் இருக்குமோ, யார் கண்டது. அந்த நேரத்தில்தான் சட்டத்தின் இன்னொரு வரி அவள் நினைவுக்கு வந்தது. மயக்கத்தில் பொய் சொல்லி அறை வாங்கியவர்களுக்கு முனையறை தண்டனை. முகப்பின் உச்சியில், அலை முதலில் வந்து மோதுகிற இடத்தில் இருக்கிற அறை. இதுவரை இரண்டு பேரைத்தான் அங்கே போட்டிருக்கிறார்கள்.

“நான் பொய் சொன்னேன் பாய்” என்றாள் சத்தமாக. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “பதினோரு வருசமும் நடிச்சேன். எனக்கு ஒருநாளும் தலை சுத்துனது கெடையாது. இந்தா பாருங்க.” அவள் கண்மணியைத் துடிக்க வைத்துக் காட்டினாள். வரிசையில் ஒரு கைக்குழந்தைக்காரி, மயக்கத்தில் வெளுத்த முகத்தோடு, அவளை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் மேரி தலையைக் குனிந்தாள். தன் நடிப்பால் யாருடைய அறை பறிபோனது என்று அவள் யோசித்ததேயில்லை. இப்போது யோசித்தாள், வெட்கமாக இருந்தது.

மரைக்காயர் வரிசையைக் கையமர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “செரி. ஒப்புக்கிட்டீங்க. ஒங்களுக்கு முனையறை. ஆனா அண்ணாச்சி நெசமான நோயாளி, அவுக ஒரு தப்பும் செய்யல. அவுக நடுவறையிலயே இருக்கட்டும். அவுகளத் தூக்கிட்டு ஓடுனவன்க்கா நான். இன்னொரு தரம் தூக்க எனக்குத் தெம்பு இல்ல.”

நல்ல மனசுதான் மனுஷனுக்கு, ஆனால் அந்த நல்ல மனசு இந்த நேரத்திலா குறுக்கே வரவேண்டும்? மேரி மட்டும் முனையறைக்குப் போவாள், அவர் நடுவறையில் கிடப்பார், படகு இருவரையும் விட்டுவிட்டுப் போகும். அவர் இல்லாமல் அவள் ஏறப்போவதில்லை.

அப்போது கஸ்பார் நாற்காலியைவிட்டு எழுந்தார். கால் தள்ளாடியது.

“நானுந்தான் நடிச்சேன்” என்றார்.

“அண்ணாச்சி, ஒக்காருங்க.”

“எல்லாம் நடிப்பு பாய். எனக்கு ஒரு மயக்கமும் கெடையாது. கல்லு மாதிரி இருக்கேன்.” சொல்லி முடிப்பதற்குள் குடித்திருந்த கஞ்சியெல்லாம் மரைக்காயரின் செருப்பில் வந்து விழுந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “இதுவும் நடிப்புதான்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மரைக்காயர் சிரிக்கவில்லை. தன் செருப்பையும் கஸ்பாரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாயால் ஒப்புக்கொண்டதை மறுக்கப் பொறுப்பாளருக்கு அதிகாரம் இல்லை. அது கஸ்பாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“புள்ளையப் பாக்கணுமா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“ஆமா.”

“செத்துப்போனீகன்னா?”

“நடுவறையிலயும் ஒருநாள் சாகத்தானே போறேன்.”

மரைக்காயர் திரையில் விரலை வைத்தார். “முனையறைக்கு ரெண்டு பேர்” என்றார், யாரிடமோ கோபித்துக்கொண்டதைப்போல்.

முனையறையில் எதுவும் தரையில் நிற்காது. தட்டு, செருப்பு, செபமாலை எல்லாவற்றையும் சுவரில் கட்டிவைத்தார்கள். அறை மேலே ஏறும், ஏறிக்கொண்டே போகும். ஒரு கணம் நிற்கும். பிறகு அடிவயிறு மேலே தங்கிவிட, அறை மட்டும் கீழே விழும். கஸ்பார் முதல் வாரம் முழுக்க வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை மேரி ஒவ்வொரு கரண்டியாக வாயில் விட்டாள். விட்டது வந்தது, மறுபடி விட்டாள். “கண்ண மூடாதீக. தூரத்துல கோடு தெரியுது பாருங்க, அதையே பாருங்க” என்று சாளரத்தின் பக்கம் அவர் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். கேள்விப்பட்டதைத்தான் சொன்னாள், அவளுக்கு அதில் ஒரு அனுபவமும் கிடையாது.

இரண்டாம் வாரம் சிறுநீர் குறைந்து கறுத்தது. மேரி அழுதுகொண்டே மரைக்காயரிடம் ஓடினாள். “தப்புப் பண்ணிட்டேன் பாய். நானே எங்கையால அவுகளச் சாவுக்குக் கொண்டுபோயிட்டேன். நடுவறைக்கு மாத்திருங்க.” மரைக்காயர் ஒரு பை நிறைய உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களோடு அவளுடன் வந்தார். தூக்கத்தான் குனிந்தார். கஸ்பார் அவர் கையைத் தட்டிவிட்டார்.

“காலைலேர்ந்து ஒரு தம்ளர் உள்ள நிக்குது” என்றார். குரலே வெளியே வரவில்லை. “போங்க பாய்.”

ஒரு தம்ளர் இரண்டானது. பிறகு கஞ்சி நின்றது. ஒருநாள் அறை மேலே ஏறி விழுந்தபோது, கஸ்பார் கட்டிலில் உட்கார்ந்தபடி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். விழுந்ததை அவர் கவனிக்கவேயில்லை. மேரி மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினொரு வருஷமாகப் பாசத்தால்தான் இந்த மனுஷனை நோயாளியாக்கி வைத்திருந்தாள் என்று அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

படகுத்துறை நாற்காலி அவருக்கு இருபத்தொன்பது காட்டியது. மரைக்காயர் வழியனுப்ப வந்திருந்தார். புதுச் செருப்பு போட்டிருந்தார்.

இரண்டு நாள் படகில் இருவரும் ஒரு சொட்டு வாந்திகூட எடுக்கவில்லை. ஆனாலும் கஸ்பார் அந்தப் பழைய வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கைவிட மனசு வரவில்லை போலிருக்கிறது. மூன்றாம் நாள் காலை பொதிகைக் கரை தெரிந்தது. தண்ணீர் விளிம்பில் ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

மேரிதான் முதலில் குதித்து இறங்கினாள். ரெஜினாவை நோக்கி நான்கு எட்டு வைத்திருப்பாள். தரை ஆடவில்லை. அடுத்த எட்டுக்குக் கால் தானாகவே அலையை எதிர்பார்த்தது, அலை வரவில்லை. மலை சாய்ந்தது, வானம் சுழன்றது, வாயெல்லாம் உமிழ்நீர் ஊறியது. அவள் அப்படியே முழங்காலில் விழுந்தாள்.

“அம்மா, பயப்படாத. எறங்குதவங்க பாதிப் பேருக்கு இப்பிடித்தான் வரும்” என்று ரெஜினா ஓடி வந்து முதுகைத் தாங்கினாள். அதற்கு முன்னால் வாளி வந்துவிட்டிருந்தது. கஸ்பார் மணலில் உட்கார்ந்து மனைவியின் நெற்றியைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

“கண்ண மூடாத மேரி. தூரத்துல அந்த மலையப் பாரு. அதையே பாத்துக்கிட்டு இரு.”

குடல் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. காதுக்குள் ஏதோ உருண்டது. செத்தால் தேவலை என்று தோன்றியது. கொஞ்சம் மூச்சு வந்ததும் அவள் தலையைத் தூக்கினாள்.

“ஏங்க, இதுவா?”

“இதேதான்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பதினொரு வருஷமாகத் தினமும் காலையில் தான் சத்தம்போட்டு நடித்தது இதைத்தானா? கண்ணில் நீர் முட்டியது.

“இத்தன வருசமும் இதையா வச்சிக்கிட்டு இருந்தீக?”

கஸ்பார் வாளியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.