பதினாறு திருகாணிகள்

“எழுத்துல குடுங்க சார்.”

அதிகாரியிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இருபத்தைந்து வருடம் தகடு அடுக்கும் கூடத்தில் பசை பூசிய சண்முகத்தாய்க்கு உலகம் தெரியும். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய முத்துப்பேச்சிக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

ஆணையர் வைத்திலிங்கம் உள்ளங்கையைச் சுவரில் வைத்து மூன்று எண்ணினார். செவ்வாய்க் கிரகத்தில் யாரும் சும்மா உட்காருவதில்லை. காற்றுக் கசியும் அதிர்வு கையில் படவில்லை என்று உறுதியான பிறகுதான் நாற்காலி.

“ஏம்மா, பதினாறு ஓட்டை. அதுவும் சின்ன ஓட்டை. இதுக்கு ஒரு உத்தரவா?”

நாளை புதுக் குடியிருப்புக்குத் திறப்பு விழா. சுரங்கத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் அங்கே குடிபோகின்றன. சண்முகத்தாயும் ஒருத்தி. பூமியிலிருந்து வந்திருக்கும் விருந்தினர் பெயரும் ஆணையர் பெயரும் பொறித்த கருங்கல் பலகையை முகப்புச் சுவரில் பதினாறு திருகாணி போட்டு முடுக்கியாக வேண்டும். சுவரின் உறுதிச் சான்றில் கைரேகை வைக்க வேண்டியவள் முத்துப்பேச்சி.

அது அவள் செய்த சுவர். மெல்லிய அலுமினியத் தகடு, மேலே கண்ணாடி இழைத் துணி, மறுபடி தகடு. பசையிட்டு உலையில் அழுத்தி எடுத்ததோடு அவள் விடவில்லை. இரண்டு முனையையும் பிடித்து, உலோகம் கொஞ்சம் நீண்டு கொடுக்கும்வரை இழுத்தாள். பிடியை விட்டதும் இழைகள் விறைத்து நின்று உலோகத்தை இறுக்கிக்கொண்டன. விரிசல் வாய் திறக்கப் பார்த்தாலும் அந்த இறுக்கம் விடாது. ‘இழுப்புப் பதம்’ என்று பெயர் வைத்தாள். ஒரு வருடம் விண்கல் தூளின் அடி வாங்கியும் சுவர் அசையவில்லை. ஆனால் துளை போட்டால் விறைத்த இழை அறும். அறுந்த இடத்தில் பிடி போய்விடும்.

“பசை போட்டு ஒட்டிருவோம் சார்.”

“ஒட்டுறதா? எனக்கப்புறம் வர்றவன் பிச்சு எறிஞ்சிருவான். பேரு நிக்கணும்மா!”

“இந்தச் சுவரே பசையிலதான் சார் நிக்குது. இருநூத்திப் பன்னெண்டு குடும்பத்துக்குப் போதும், உங்க பேருக்குப் போதாதா?”

ஆணையரின் முகம் கறுத்தது. பிறகு சிரித்தார். “சரி, உன் பேரையும் போட்டுருவோம். பசைக் கூடத்துலேர்ந்து வந்த மொதப் பட்டதாரின்னு. பலகை கொஞ்சம் நீளும். கூட ரெண்டு திருகாணி, அவ்ளோதானே?”

“எங்கம்மா அந்தச் சுவத்துக்குப் பக்கத்துலதான் சார் படுக்கப்போகுது.”

“கைரேகை வைக்கலைன்னா அடுத்த கப்பல்ல பூமிக்கு அனுப்பிருவேன். நீ பொறந்ததுலேர்ந்து பாக்காத ஊரு.” மூலையில் நின்ற, சுவர்களைச் சோதிக்கும் எந்திரன் பக்கம் திரும்பினார். “நீ போய் ஓட்டையப் போடு.”

மனிதர்களைப் பார்த்துப் பார்த்தே வேலை கற்கும் எந்திரன் அது. எஃகுக் கையைச் சுவரில் வைத்து மூன்று எண்ணியது.

“எழுத்தில் கொடுங்கள், ஐயா.”

மேசையில் படிவம் ஒளிர்ந்தது. ஒரே ஒரு வரி: துளையிடச் சொன்னவர் பெயர். வைத்திலிங்கம் எழுதுகோலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். நூறு வருடம் கல்லில் நிற்க வேண்டிய பெயர், அந்த ஒரு வரியில் இறங்க மறுத்தது.

முத்துப்பேச்சி எழுந்தாள்.

“எங்கே போறே? கைரேகை?”

“பையக் கட்டி வாசல்ல வெச்சுட்டுத்தான் சார் உள்ள வந்தேன்.”

வெளியே வந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.