ஏழாம் கம்பம்

காலை ஏழரை ஆகியும் விடியவில்லை. மைனஸ் முப்பத்தெட்டு. காரின் மூக்கிலிருந்து தொங்கும் ஒயரைக் கழற்றக் குனிந்த லெஸ்யா, அப்படியே நின்றுவிட்டாள். நேற்று வேலை முடிந்து வந்ததும் அதை வாசலில் தன் வீட்டுக்கென நட்டிருக்கும் ஆறாம் மின்கம்பத்தில்தான் செருகினாள். இன்ஜினுக்குள் இருக்கும் ஹீட்டருக்கு இரவெல்லாம் மின்சாரம் போனால்தான் கனடாவின் இந்தச் சஸ்காட்செவன் சமவெளியில் காலையில் வண்டி கண் திறக்கும். இப்போது அந்த ஒயர் ஏழாம் கம்பத்தில் இருந்தது. மிச்ச நீளம் எட்டு வட்டமாகச் சுருட்டப்பட்டு, சிவப்புக் கம்பளி நூலால் கட்டப்பட்டுத் தொங்கியது. இந்தக் குடியிருப்பில் அப்படிக் கட்டுகிறவர் ஏழாம் வீட்டு நெஸ்டர் ஒருவர்தான். அவரை அடக்கம் செய்து பத்து நாளாகிறது.

குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஐரீன் பனி வாரும் மண்வெட்டியோடு வந்தாள்.

"என்னடி, செல மாதிரி நிக்கிற? இங்கயே ஒறஞ்சு போனா உன்னை ஏப்ரல்லதான் பேர்த்தெடுக்கணும்."

"ஐரீனக்கா, என் ஒயரை நீங்க ஏழுல மாத்திச் சொருகினீங்களா?"

"ஏழுலயா? அதுல ஏது கரண்டு? அவரு போன மறுநாளே ஃபியூஸைப் புடுங்கிட்டேனே." ஐரீன் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு ராத்திரி எவனோ அவரு ஒயரை உருவி விட்டிருக்கான். அரைகுறையா கெளம்புன வண்டி நடுவழியில நின்னுபோச்சு. நடந்தே வந்துடலாம்னு பார்த்திருக்காரு மனுஷன், வயல்லயே ஒறஞ்சு போயிட்டாரு, பாவம். நீ ஏதாச்சும் பார்த்தியா?"

"நான் எதையும் பார்க்கலக்கா."

மூன்றாவது முறையாகச் சொல்லும் பொய். அன்று மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது, ஆறாம் கம்பத்தில் அன்றைக்கென்று பார்த்து மின்சாரம் இல்லை. நெஸ்டரின் ஒயரை உருவிவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது திரும்பச் செருகிவிடலாம் என்று நினைத்தவள், மறந்தே போனாள். கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் அவரே வந்து செருகிக் கொடுத்திருப்பார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஐரீன் அடுத்த வாசலுக்குப் போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். கையுறையைத் தாண்டிக் கதகதத்தது. மின்சாரம் இல்லாத கம்பத்திலிருந்து இந்தச் சூடு எப்படி வந்தது? காருக்குள் பாய்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் கிளம்பிய வண்டியை, கம்பத்தைத் திரும்பிப் பாராமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஊரைத் தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும், இருபக்கமும் பனி மூடிய வயல்கள் இருட்டில் வெளுத்துக் கிடக்க, ஹீட்டர் காற்றில் ஈரக் கம்பளியும் மலிவுப் புகையிலையும் கலந்த ஒரு நெடி மெல்ல மெல்ல ஏற, வண்டிக்கு அடியில் ஏதோ பனியைக் கீறிக்கொண்டே கூட வருகிற சத்தம் கேட்டது. சர்ர்ர். சர்ர்ர். லெஸ்யாவுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. ஒயரைக் கழற்றாமலே வந்திருக்கிறாள். குளிர்காலத்துக்கு ஒருமுறையாவது இந்த ஊரில் யாராவது இப்படி வாலை இழுத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள், ஒரு வாரத்துக்கு மற்றவர்கள் கிண்டலை விடமாட்டார்கள்.

ஓரம் கட்டினாள்.

சத்தம் நிற்கவில்லை.

வண்டி நிற்கிறது. ஒயர் நகர்கிறது. முன்விளக்கு வெளிச்சத்தில் அது காருக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு வெளியே போனது. ஐந்து மீட்டர் ஒயர்தான். ஆனால் போய்க்கொண்டே இருந்தது. சாலையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, வயலுக்குள். வேலியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. நெஸ்டரின் உடல் கிடைத்த இடத்துக்குப் போலீஸ் வைத்த அடையாளம்.

ஒயர் விறைத்து நின்றது.

இன்ஜின் அணைந்தது. முன்விளக்கு மங்கியது. உள்ளே கண்ணாடியில் உறைபனி பூக்க ஆரம்பித்தது. கதவு திறக்கவில்லை. பாதம் மரத்துப் போனது. முழங்கால். இடுப்பு.

"நான்தான்! நான்தான் உருவினேன்! குழந்தைக்கு உடம்பு சரியில்ல நெஸ்டர் அண்ணே, மறந்துட்டேன்!"

இத்தனை நாளில் என்றோ சொல்லியிருக்க வேண்டியது. கேட்க யாருமில்லை.

நகத்தால் கண்ணாடியைச் சுரண்டினாள். ஒரு கண்ணளவு இடம் கிடைத்தது.

வேலிக்கு அப்பால் அவர் நின்றிருந்தார். தொப்பி இல்லை. முகம் நீலம். கோட்டைத் திறந்து, ஒயரின் முனையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். அவர் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் ஆவி பறந்தது. கன்னத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

லெஸ்யா வாயைத் திறந்து அலறினாள். அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை.