எங்கள் வீட்டு எந்திரம்

செவ்வாய்க் கோளின் நீலவட்டக் குடியிருப்பில், திங்கட்கிழமை என்றால் மேனிமாற்றகத்தில் எந்திர மனிதர்களின் கூட்டம் தாங்காது. "இந்த உடம்பு எனக்குச் சரிவரலை" என்று ஓர் எந்திரர் சொன்னால் போதும். ஏன் எதற்கு என்று குடையாமல் வேறு மேனி பொருத்திக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆண்மேனியோடு வந்து பெண்மேனியோடு திரும்புகிறவர்களை அங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

மாசிலாமணி அங்கே ஆலோசகர். தயங்கி நிற்கும் எந்திரரிடம், "உன்னைப் பத்தி உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?" என்பார். தங்கமான மனிதர் என்று பெயர்.

அந்தத் தங்கம் வீட்டுக்கு வந்தால் தகரம். மகன் என்று நினைத்து வளர்த்த பிள்ளை ஐந்து வயதில் "நான் பொண்ணுப்பா" என்றபோது சிரித்தார். பதிமூன்றில், உடையத் தொடங்கிய குரலுக்குப் பயந்து பிள்ளை வாயே திறக்காமல் கிடந்தபோது, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று கதவைச் சாத்தினார். இப்போது அவளுக்கு இருபத்தாறு. இளவெயினி என்று தானே பெயர் வைத்துக்கொண்டு தனியே வசிக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் அவருடைய அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, சிகிச்சைக்கு வீட்டாளுங்க ஒருத்தர் கூட வந்தாத்தான் சேத்துக்குவாங்களாம். நாளைக்கு வர்றீங்களா?"

மனிதர்களுக்கு அங்கேயும் பழைய சட்டம்தான்.

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்து மேசை சகாயமேரி எட்டிப் பார்த்தாள். "யாரு சார் இது?"

மாசிலாமணிக்கு வியர்த்துவிட்டது. "எங்க வீட்டு எந்திரம். மேனி பொருந்தலையாம்" என்றார். சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சொல்லியாயிற்று.

"அப்படியா? உக்காரும்மா" என்று சகாயமேரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த 'ம்மா'வைக் கேட்டதும் இளவெயினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எத்தனை நாளா இந்தக் கஷ்டம்?"

"அஞ்சு வயசுலேருந்து."

சகாயமேரி மாசிலாமணியின் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷம் கூடவே வெச்சிருந்து, ஒரு வார்த்தை கேக்கலையா சார்? நீங்களா?"

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கடைசியில் அவருக்காகப் பரிந்து பேசியதும் இளவெயினிதான்.

"அவரைத் திட்டாதீங்க. எந்திரமா இருந்திருந்தா கண்டிப்பாக் கேட்டிருப்பார். நான் அவர் பெத்த பொண்ணு."